காற்றுக்குப் பியூஸ் கட்டை இல்லை

நமது பத்திரிகைகளின் உட்பக்க மூலைகளில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வரும் ஒரு சொல் உண்டு. 'கவனயீனம்' என்பது அதன் பெயர். "தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இளைஞர் படுகாயம். கவனயீனமே விபத்துக்குக் காரணம் என ஆரம்பகட்ட விசாரணைகளிலிருந்து தெரியவருகிறது." ஊரும் வயதும் மாறும், வாய்பாடு மாறாது. நான்கு வரி, அதற்குக் கீழே ஒரு மரண அறிவித்தல் அல்லது காணி விற்பனை விளம்பரம்.

செய்தி மேசையில் அமர்ந்திருந்த காலத்தில் அந்தச் சொல்லைக் காணுந்தோறும் வெட்டிவிட்டு, "யாருடைய கவனயீனம், தம்பி?" என்று நிருபரைக் கேட்பேன். "பொலிஸில் அப்படித்தான் சொன்னார்கள், ஐயா" என்பதே பெரும்பாலும் கிடைத்த பதில். பொலிஸாருக்கு யார் சொன்னார்கள்? தொழிற்சாலை முகாமையாளர். முகாமையாளருக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. அது அவருக்கு வேண்டிய சொல். காயப்பட்டவரோ சத்திரசிகிச்சை அறையில் இருப்பார். அவரிடம் கேட்க எவரும் போவதில்லை.

'கவனயீனம்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை, குறைந்தபட்சம் அழுத்த இயந்திரங்கள் சம்பந்தமான விபத்துகளிலேனும், நாம் இனி ஏற்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்விபத்துகளிற் பல நிகழ்வது வேலை நடந்துகொண்டிருக்கும்போதன்று. இயந்திரம் 'நிறுத்தப்பட்ட' பின்னர். சிக்கிய தகட்டை எடுக்கவோ, அச்சை மாற்றவோ, எண்ணெய் இடவோ ஒருவர் கையை உள்ளே விடுகிறார். சுவிட்ச் அணைக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் ஓசை இல்லை. விளக்குகள் இல்லை. ஆயினும் இயந்திரம் அசைகிறது. செத்ததென்று அவர் நம்பிய பொருள் உறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த நம்பிக்கை கவனயீனம் அன்று. அவருக்கு எவரும் கற்பிக்காத ஒன்றை அவர் அறியாதிருந்தார், அவ்வளவே.

*

மின்சாரத்தைப் பொறுத்தவரை நமது கைவினைஞர்கள் தமக்கென ஒரு பாதுகாப்பு முறையைத் தாமே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பழைய எலெக்ட்ரீஷியன்மார் வீட்டுக்கு வந்தால் முதலில் பியூஸ் கட்டையைக் கழற்றித் தம் சட்டைப்பையிற் போட்டுக்கொள்வார்கள். வேலை முடியும்வரை அது அவர்களுடைய பையிலேயே இருக்கும். வீட்டுக்காரர் மறந்தாலும், பிள்ளைகள் விளையாட்டாகச் சுவிட்சைத் தட்டினாலும் மின்சாரம் வராது. உயிரின் திறவுகோல் உயிருக்கு உரியவனிடமே இருக்க வேண்டும் என்ற இந்த எளிய தத்துவத்தைத்தான் இன்று உலகத் தொழிற்சாலைகள் 'லொக்அவுட்' என்ற பெயரால் சட்டமாக்கி வைத்திருக்கின்றன. ஓர் ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டில் அவருடைய பெயர் எழுதிய அட்டை. நான்குபேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள். பூட்டியவரைத் தவிர வேறெவரும் திறக்கலாகாது.

ஆனால் காற்றுக்குப் பியூஸ் கட்டை இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, கிராண்ட்பாஸ், மெசெஞ்சர் வீதிப் பக்கத்துச் சிறு பட்டறைகளைக் கண்டவர்கள் அறிவார்கள். அட்டைப்பெட்டி வெட்டும் பிரஸ், தகரம் அடிக்கும் பிரஸ், செருப்புக்குத் தோல் வெட்டும் பிரஸ், அச்சகத்து மடிப்பு இயந்திரம் எனப் பலவும் கொம்பிரசரிலிருந்து வரும் காற்றால் இயங்குகின்றன. வெள்ளவத்தையின் துணி அழுத்தும் கடைகளிலும், ரீ-சேர்ட்டில் படம் பதிக்கும் கடைகளிலும்கூட இன்று காற்றுச் சிலிண்டர் பொருத்திய அழுத்திகள் வந்துவிட்டன. கொல்லைப்புறத்தில் ஒரு கொம்பிரசர். அதிலிருந்து நீல நிறக் குழாய்கள் கூரை ஓரமாக ஓடி இயந்திரங்களுக்கு இறங்கும். மின்சுவிட்சை அணைத்தால் கொம்பிரசர் நிற்கும். தாங்கியிலும் குழாயிலும் சிலிண்டரிலும் உள்ள காற்று அங்கேயேதான் இருக்கும்.

"காத்துத்தானே, ஐயா!" என்று சிரிப்பார்கள். அந்தக் காத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

பட்டறைகளில் சாதாரணமாக உள்ள அழுத்தம் 6 பார் அளவில் இருக்கும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரை, அதாவது ஒரு தேநீர்க் கோப்பையின் தட்டைவிடச் சிறிய வட்டத்தை, 6 பார் காற்று தள்ளும் விசை ஏறத்தாழ 480 கிலோகிராம் நிறைக்குச் சமம். விட்டத்தை இருமடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும்: ஏறத்தாழ 1,900 கிலோகிராம். மனிதக் கையின் எலும்பு இதன் முன் எம்மாத்திரம்?

இனித் தாங்கியைப் பாருங்கள். 200 லீற்றர் கொள்ளளவுள்ள தாங்கியில் 7 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று விரியும்போது வெளிப்படக்கூடிய சக்தி, ஒரு தொன் எடையைப் பத்து மீற்றருக்கு மேல் தூக்கப் போதுமானது. நீரியல் இயந்திரத்தில் எண்ணெய் கசிந்தால் அழுத்தம் உடனே விழுந்துவிடும். திரவம் மிகச் சொற்பமாகவே சுருங்குவதே காரணம். காற்று அப்படியன்று. அது அழுத்தி வைத்த வில்லுச்சுருள். விட்ட இடமெல்லாம் விரிந்துகொண்டே போகும். விரிந்து முடியும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தைப்போல ஒரு கம்பியை வெட்டியதும் மறைந்துவிடாது.

*

இங்கே ஓர் அபாயகரமான முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். "அப்படியானால் காற்றை மூடிவிட்டால் போதும்தானே?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தகடு அடிக்கும் பெரிய பிரஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் 'பிளைவீல்' எனப்படும் கனத்த சில்லு சுழன்றுகொண்டிருக்கும். காற்று அழுத்தம் வந்தால் கிளச் பிடித்து, 'ராம்' எனப்படும் மேற்பாகம் கீழே இறங்கி அடிக்கும். காற்று நின்றால் வில்லுச்சுருள்களின் வலுவால் பிரேக் பிடிக்கும். இதுவரை நல்லது. ஆனால் அந்த ராம் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான கிலோகிராம் நிறையுள்ளது. அதன் நிறையைத் தாங்கிப் பிடிப்பதற்கு எதிர்ச்சமநிலைச் சிலிண்டர்கள் என்று தனியாக உண்டு. அவற்றை நிரப்பியிருப்பதும் காற்றே. காற்றைத் திறந்து விட்டால் தாங்கிப் பிடித்த கை தளர்கிறது. முழு நிறையும் பிரேக் மீது விழுகிறது. பிரேக் தேய்ந்திருந்தால் ராம் இறங்கும். ஆக, காற்று இருந்தாலும் ஆபத்து. முறையறியாமல் காற்றை அகற்றினாலும் ஆபத்து.

ஆகவேதான் சரியான முறை ஒரு வரிசை. முதலில் இயந்திரத்தை வழமையான பொத்தானால் நிறுத்த வேண்டும். மோட்டார் அணைந்த பின்னும் சில்லு சில நிமிடங்கள் சுழலக்கூடும். அது முற்றாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ராமை இயன்றால் அதன் ஆகக் கீழ்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இயலாவிட்டால், அதன் நிறையைத் தாங்குமெனக் கணக்கிடப்பட்ட உலோகக் கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். கையில் அகப்பட்ட பலகைத் துண்டு உதவாது. பின்னர் மின் ஆளியை இறக்கிப் பூட்டு. அதன்பின் காற்று வழியை மூடிப் பூட்டு.

இந்த இடத்திலும் ஒரு பொறி உண்டு. குழாயில் உள்ள சாதாரண வால்வை மூடினால் புதிய காற்று வருவது நிற்குமே தவிர, வால்வுக்கு அப்பால் இயந்திரத்துக்குள் அடைபட்ட காற்று வெளியேறாது. மூடும்போதே இயந்திரப் பக்கத்துக் காற்றை வெளியே விட்டுவிடும் வகை வால்வுதான் வேண்டும். அது மூடிய நிலையில் மட்டுமே பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அதுவும் போதாது. உள்ளே ஒருவழி வால்வுகள் இருந்தால் அவற்றுக்கு அப்பால் காற்று சிறைப்பட்டிருக்கும். எதிர்ச்சமநிலைச் சிலிண்டரின் தாங்கி, அச்சுக்குக் கீழுள்ள குஷனின் தாங்கி ஆகியவற்றைத் தனித்தனியே திறந்து வடிக்க வேண்டும். அழுத்தமானி பூச்சியத்தைக் காட்ட வேண்டும். ஆனால் மானி பழுதாகவும் இருக்கலாம். தவறான இடத்தில் பொருத்தப்பட்டும் இருக்கலாம். எனவே எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது அசையவில்லை என்று கண்ணால் கண்ட பின்னரே கையை உள்ளே விடலாம்.

இவ்வளவையும் பதினெட்டு வயதில் வேலைக்கு வந்த ஒரு பையன் தன் 'கவனத்தால்' மட்டும் கண்டறிந்துகொள்ள வேண்டும் என்பதா நமது எதிர்பார்ப்பு?

*

நமது நாட்டுக்கே உரிய இன்னோர் ஆபத்தையும் இதனுடன் சேர்க்க வேண்டும். அது மின்வெட்டு.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நாம் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகக் கூறப்பட்டு நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. உலகம் சிரித்தது; நாமும் சிரித்தோம். சிரிக்க முடியாத ஒரு விஷயம் அதில் இருக்கிறது.

மின்சாரம் போனதும் பட்டறையில் என்ன நடக்கும்? "கரண்ட் வரமுன்னம் இந்தச் சிக்கலை எடுத்திடுவம்" என்று ஒருவர் இயந்திரத்துக்குள் கையை விடுவார். ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் நல்ல தொழிலாளி அவர். ஆனால் காற்றைத் திசைதிருப்பும் வால்வுகள் பலவும் மின்காந்தத்தால் ஒரு பக்கமும் வில்லுச்சுருளால் மறுபக்கமும் தள்ளப்படுபவை. மின்சாரம் அறுந்த கணத்தில் வில்லுச்சுருள் வால்வைத் திருப்பும். தாங்கியிலுள்ள காற்று சிலிண்டரை மறுபக்கம் தள்ளும். அதாவது மின்சாரம் போவதே ஓர் அசைவுக்குக் காரணமாகலாம். சிக்கிய பொருள் அந்த அசைவைத் தடுத்து வைத்திருந்தால், அப்பொருளை எடுத்த கணத்தில் அது நிறைவேறும். மின்சாரம் திரும்பி வரும்போது மறுபடியும் அசையலாம். 'கரண்ட் இல்லை' என்பது 'ஆபத்து இல்லை' என்று நம் பேச்சுவழக்கில் ஆகிவிட்டது. காற்றால் இயங்கும் பிரஸ்ஸில் அது பொய்.

*

சட்டம் என்ன சொல்கிறது? நம்மிடம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பலமுறை திருத்தப்பட்டது, எனினும் எலும்புக்கூடு அதுவே. அது பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் வழிவந்தது. தண்டுகளும் வார்களும் சில்லுகளும் கூரையடியில் சுழன்ற காலத்தின் சட்டம். சுழலும் பாகங்களுக்கு வேலியிடு என்பது அதன் மையக் கட்டளை. காற்றுத் தாங்கி பற்றியும் அது பேசுகிறது: பாதுகாப்பான அழுத்தம் குறிக்கப்பட வேண்டும், பாதுகாப்பு வால்வும் மானியும் வேண்டும், தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும். தாங்கி வெடிக்கக் கூடாது என்பதே அக்கவலை. நியாயமான கவலைதான். ஆனால் வெடிக்காத தாங்கியிலிருந்து ஒழுங்காக வந்த காற்று, திருத்த வேலையில் இருப்பவரின் கையை நசுக்குவதைப் பற்றிய கவலை 1942இன் மொழியில் வேரூன்றவில்லை.

வெள்ளவத்தை நூல், நெசவு ஆலையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றின் ஒரு மைல்கல். கொல்வின் ஆர். டி சில்வா போன்றோர் இடதுசாரித் தலைவர்களாக உருவான களம் அது. இன்று அந்த ஆலை இல்லை. அது நின்ற நிலத்தில் ஹவ்லொக் சிட்டியின் மாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. அத்தகைய ஆலைகளின் காலத்துக்காக எழுதப்பட்ட சட்டம் மட்டும் இருக்கிறது. இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டோம், சட்டத்தை வைத்துக்கொண்டோம்.

நமக்கு இச்சட்டத்தைத் தந்தவர்கள் தமது சட்டத்தை அப்படி வைத்திருக்கவில்லை. பிரித்தானியா 1974இல் வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் வந்த 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் 19ஆம் விதி, வேலைக் கருவியை அதன் 'எல்லா' சக்தி மூலங்களிலிருந்தும் பிரித்து வைக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. மின்சாரம் மட்டுமன்று, எல்லாம். அமெரிக்கா 1989இல் லொக்அவுட் விதியைக் கொண்டுவந்தது. பூட்டியபின் எஞ்சியிருக்கும் சக்தியை வெளியேற்று, அல்லது துண்டி, அல்லது தடுத்து நிறுத்து என அது வெளிப்படையாகவே பணிக்கிறது. அவ்விதி ஆண்டுதோறும் ஏறத்தாழ 120 மரணங்களையும் 50,000 காயங்களையும் தடுக்கிறது என்பது அந்நாட்டுப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஒழுங்குவிதி 851, அசைவு நின்ற பின்னும் மீண்டும் அசையக்கூடிய பாகத்துக்கு முட்டுக்கொடுத்த பின்னரே அதைத் துப்புரவாக்கவோ திருத்தவோ வேண்டும் என்கிறது. ஸ்கார்பரோவிலிருந்து இதை வாசிக்கும் அன்பர்களில் எத்தனையோ பேர் தொழிற்சாலையில் தம் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை இடுப்பில் தொங்கவிட்டிருப்பார்கள். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய மருமகனுக்கு அந்தப் பூட்டு இல்லை. இருவருடைய விரல்களும் ஒரே வகை எலும்பால் ஆனவை.

கடல் தாண்டித் தமிழ்நாட்டைப் பார்த்தாலும் ஆறுதல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2010 ஒக்டோபர் 31ஆம் திகதி 22 வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். பாதுகாப்பு உணரி செயற்படாதிருந்தது என்று தொழிலாளர் தரப்பு அப்போது குற்றஞ்சாட்டியது. உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தின் புத்தம்புதிய ஆலையிலேயே ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. ஹரியானாவின் வாகன உதிரிப்பாகத் தொழிற்கூடங்களை மையமாக வைத்து 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகளுக்கு 'நசுக்கப்பட்டவர்கள்' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே காயப்படுவோரில் பெரும்பாலோர் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். விரல்களை விழுங்குவதில் முதலிடம் பிரஸ் இயந்திரத்துக்கே. கைகள் எங்கிருந்து வருகின்றனவோ, குரல் அங்கிருந்து வருவதில்லை. கொழும்புப் பட்டறைகளுக்கு மலையகத்திலிருந்து வரும் நம் பிள்ளைகளின் கதையும் இதுவே.

*

எதிர்வாதங்களை நான் அறிவேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"சிறிய பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது." கேட்கப்படுவது என்ன? சில பூட்டுகள், இயந்திரத்துக்கு ஒரு வால்வு, ஒரு முட்டுக்கட்டை, சுவரில் ஒட்ட ஒரு தாள். புதிய பிரஸ் வாங்கக் கடன் எடுக்கத் தெரிந்த முதலாளிக்கு அதன் பூட்டு மட்டும் பாரமாவது எப்படி?

"நேரம் போய்விடும், ஓடர் பிந்திவிடும்." போகும், உண்மைதான். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் போகும். ஒரு கை நசுங்கினால் எத்தனை நாள் போகும் என்பதையும் அதே ஏட்டில் எழுதிக் கணக்குப் பாருங்கள்.

"தொழிலாளர்களே பூட்ட விரும்புவதில்லை." ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்று கூலியை நிர்ணயித்துவிட்டு, பூட்டிய நேரத்துக்குக் கூலியில்லை என்று ஆக்கிவிட்டு, பிறகு அவர்கள் விரும்பவில்லை என்பதா? பூட்டிய நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று சொல்லிப் பாருங்கள். விருப்பம் தானாக வரும்.

"அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை." அனுபவசாலியைத்தான் நான் அஞ்சுகிறேன். நூறு தடவை கையை விட்டு நூறு தடவையும் தப்பியதைத்தான் நாம் அனுபவம் என்கிறோம். தேயும் பிரேக்குக்கும் கசியும் வால்வுக்கும் அந்த நூறு தெரியாது.

நான் அறிந்த ஒரு பழைய மெக்கானிக், அச்சகங்களில் நாற்பது ஆண்டு வேலை செய்தவர், ஒரு முறை சொன்னார்: "ஐயா, கரண்ட் கடிக்கும் எண்டு எல்லாருக்கும் பயம். காத்துக்கு ஒருத்தனும் பயப்பிடுறேல்ல. அது சத்தம் போடாமக் குந்திக்கொண்டிருக்கும்." அவருக்கு லொக்அவுட் என்ற சொல் தெரியாது. ஆனால் வேலை தொடங்குமுன் கொம்பிரசர் குழாயைக் கழற்றி, அதன் நுனியைத் தம் காலடியில் வைத்துக்கொள்வார். காற்றுக்கு அவர் கண்டுபிடித்த பியூஸ் கட்டை அது. முழுமையானதன்று, உள்ளே அடைபட்ட காற்றை அது அகற்றாது. எனினும் அரசாங்கம் செய்யாத ஒன்றைத் தன்னளவில் செய்துகொண்ட மனிதர் அவர். எல்லாரும் அவரைப்போல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சட்டமாகாது.

*

கையை இழந்தபின் கிடைப்பதென்ன? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் எந்த உறுப்புக்கு எத்தனை வீதம் என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. நட்டஈட்டின் உச்சவரம்பு நீண்டகாலம் 550,000 ரூபாவாக இருந்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அத்திருத்தத்தை வரவேற்கிறேன். ஆனால் விரலின் விலையை உயர்த்துவதும் விரலைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல. விரல் விழுந்தபின் என்ன செய்வது என்று சொல்லும் அட்டவணை நம்மிடம் இருக்கிறது. விழாமல் இருக்க என்ன செய்வது என்ற அட்டவணை எந்தப் பட்டறைச் சுவரில் இருக்கிறது?

2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் அமைக்கப்பட்டது. தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூன் மாதம் சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது; இலங்கை 1948 முதல் அந்த அமைப்பின் உறுப்பு நாடு. ஆகவே நிறுவனங்கள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. நான் கேட்பவை பெரிய காரியங்களும் அல்ல.

ஒன்று: எல்லாச் சக்தி மூலங்களையும் பிரித்துப் பூட்டுதல், எஞ்சிய சக்தியை வெளியேற்றுதல், அசையவில்லை என்று சோதித்தல் ஆகிய மூன்றும் வெளிப்படையான சொற்களில் ஒழுங்குவிதியாக வேண்டும்.

இரண்டு: காற்றால் இயங்கும் எந்தப் பிரஸ்ஸும், பூட்டக்கூடியதும் காற்றை வெளியேற்றுவதுமான வால்வின்றி இறக்குமதி செய்யப்படவோ விற்கப்படவோ கூடாது. பழைய இயந்திரங்களுக்கும் இது பொருந்த வேண்டும். நம் பட்டறைகளில் வெளிநாட்டவர் கழித்துவிட்ட இயந்திரங்கள் கொஞ்சமல்ல.

மூன்று: அறிவுறுத்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் இயந்திரத்தின் மீதே இருக்க வேண்டும். ஜப்பானிய எழுத்திலும் சீன எழுத்திலும் உள்ள எச்சரிக்கையை ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை எப்படி வாசிப்பான்? தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருப்பது பெயர்ப்பலகைகளுக்கு மட்டுமா?

நான்கு: விபத்து அறிக்கையில் 'கவனயீனம்' என்று எழுதுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதப்பட வேண்டும். பூட்டு இருந்ததா? சாவி யாரிடம் இருந்தது? காற்று வெளியேற்றப்பட்டிருந்ததா?

கடைசிக் கோரிக்கை பொலிஸாருக்கு மட்டுமன்று, என் தொழிலைச் சேர்ந்த இளையவர்களுக்கும் உரியது. அந்த மூன்று கேள்விகளைக் கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். பதில் கிடைக்காவிட்டால், கேட்டோம், பதில் இல்லை என்று எழுதுங்கள். நான்கு வரிச் செய்தி ஐந்து வரியாகும், அவ்வளவுதான் செலவு.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குக் கொழும்பு வருகிறீர்கள். மகளின் திருமண அழைப்பிதழை மெசெஞ்சர் வீதியில் அடிக்கக் கொடுக்கிறீர்கள். தங்க எழுத்து எடுப்பாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறீர்கள். அடுத்தமுறை ஓடர் கொடுக்கும்போது விலையை மட்டும் பேசாமல், "இந்த மெஷினைத் திருத்தும்போது எந்தப் பூட்டால் பூட்டுவீர்கள், தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சட்டத்துக்கு அஞ்சாத முதலாளியும் வாடிக்கையாளருக்கு அஞ்சுவார். அந்தக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்தால், பதினோராவது ஆள் வரும்போது சுவரில் ஒரு பூட்டுத் தொங்கக் கூடும்.